எல்லோரும் சொல்லும் அதே திகில் கதைகள்... அந்தப் பட்டியலைப் போட்டது யார்?

பழைய ஆங்கிலத் திகில் சிறுகதைகளில் ஊறிப்போன ரசிகர் ஒருவரிடம், "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கதை எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றோடு நிறுத்த மாட்டார். ஆல்ஜெர்னான் பிளாக்வுட்டின் 'தி வில்லோஸ்', டபிள்யூ.டபிள்யூ.ஜேக்கப்ஸின் 'குரங்குப் பாதம்', வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சனின் 'தி வாய்ஸ் இன் தி நைட்', ராபர்ட் சேம்பர்ஸின் 'தி யெல்லோ சைன்', எம்.ஆர்.ஜேம்ஸின் அந்த விசில் கதை, லவ்கிராஃப்டின் 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' என்று அடுக்கிக்கொண்டே போவார். இன்னொரு ரசிகரிடம் கேட்டால் வரிசை மாறும். பெயர்கள் அவ்வளவாக மாறாது.

இவையெல்லாம் சுமார் நூறு வருடங்களுக்கு முந்தைய கதைகள். பல கதைகள் மலிவான பத்திரிகைகளில் வந்தவை. படித்துவிட்டுத் தூக்கிப் போடுவதற்காகவே அச்சான தாள். சில வருடங்களில் பழுத்து உதிர்ந்துவிடும். எழுதியவர்களில் சிலருக்கு வாழ்நாளில் உருப்படியாக ஒரு புத்தகம்கூட வரவில்லை. பல்கலைக்கழகங்கள் பல காலம் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அப்படியும் இந்தக் கதைகள் இன்றுவரை எப்படி வந்து சேர்ந்தன? "இதைப் படிச்சுப் பாருங்க" என்று யாரோ ஒருவர் இன்னொருவர் கையில் கொடுத்ததால்தான். அந்த 'யாரோ' யார் என்று பார்த்தால், சில ஆச்சரியமான ஆட்கள் கிடைக்கிறார்கள்.

பேய்க் கதை வேறு, இது வேறு

முதலில் ஒரு விளக்கம். 'வியர்டு ஃபிக்ஷன்' என்று இவர்கள் சொல்வது சாதாரணப் பேய்க் கதையை அல்ல. பேய்க் கதையில் பேய்க்கு ஒரு முன்கதை இருக்கும். யாரோ கொன்றிருப்பார்கள், அநியாயம் நடந்திருக்கும். பழி தீர்ந்ததும், அல்லது பரிகாரம் செய்ததும் பேய் போய்விடும். ஒரு வகையில் நியாயமான பேய். விசித்திரத் திகில் கதையில் அந்த ஆறுதலே கிடையாது. வந்திருப்பது என்ன, ஏன் வந்தது, அதற்கு என்ன வேண்டும் என்று கடைசிவரை தெரியாது. மனிதர்கள் மேல் அதற்குக் கோபம்கூட இருக்காது. எறும்புப் புற்றை மிதித்துக்கொண்டு போகிறவருக்கு எறும்புகள் மேல் என்ன கோபம் இருக்கும், அந்த மாதிரி.

1907-ல் வெளியான 'தி வில்லோஸ்' இதற்குச் சரியான உதாரணம். இரண்டு நண்பர்கள் சிறு படகில் டான்யூப் நதியில் போகிறார்கள். வியன்னாவைத் தாண்டி, புடாபெஸ்ட் வரும் முன்னே, ஆறு பல கிளைகளாகப் பிரிந்து பரந்து கிடக்கும் பகுதி. எங்கு பார்த்தாலும் வில்லோ புதர்கள். வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு மணல் திட்டில் கூடாரம் போடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் திட்டு மணிக்கு மணி கரைந்து சிறுத்துக்கொண்டே வருகிறது. காலையில் எழுந்தால் ஒரு துடுப்பைக் காணோம். படகின் அடியில் ஒரு கிழிசல். மணலில் அங்கங்கே புனல் வடிவத்தில் குழிகள். நேற்று தள்ளி நின்ற புதர்கள் இன்று கூடாரத்துக்குக் கிட்டே வந்துவிட்ட மாதிரி தெரிகிறது.

பிளாக்வுட்டின் கெட்டிக்காரத்தனம் இதற்குப் பிறகுதான். அவற்றைப் பற்றிப் பேசாதே, நினைக்கவும் செய்யாதே, நினைத்தால் நாம் இருக்கும் இடம் அவற்றுக்குத் தெரிந்துவிடும் என்கிறான் ஒரு நண்பன். நம் ஊரில் ராத்திரி நேரத்தில் 'பாம்பு' என்று வாய்விட்டுச் சொல்லாமல் 'பூச்சி' என்று சொல்வார்களே, அந்தப் பயம்தான். ஆனால் நினைக்காதே என்று சொன்ன பிறகு ஒரு மனுஷனால் எப்படி நினைக்காமல் இருக்க முடியும்? மிச்சக் கதை முழுக்க இந்த ஒரு கேள்வியின் மேல் நிற்கிறது. டான்யூபில் பிளாக்வுட்டே படகு விட்டவர் என்பதால் ஆறு அப்படியே கண்முன் வருகிறது. எந்த உருவத்தையும் முழுதாகக் காட்டாமல் இவ்வளவு பயமுறுத்திய கதைகள் குறைவு.

கழுகுக் கூட்டில் நடந்த வாக்கெடுப்பு

இந்த வகைக் கதைகளுக்கென்றே ஒரு பத்திரிகை 1923 மார்ச்சில் சிகாகோவிலிருந்து வந்தது. பெயர் 'வியர்டு டேல்ஸ்'. விலை 25 சென்ட். அதில் வாசகர் கடிதப் பகுதிக்குக் 'கழுகுக் கூடு' என்று பொருள்படும் 'தி ஐரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். வாசகர்கள் சும்மா கடிதம் எழுதவில்லை. இந்த இதழில் எந்தக் கதை பிடித்தது என்று ஓட்டுப் போட்டார்கள். 1924 முதல் 1940 வரை ஆசிரியராக இருந்த ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் அந்த ஓட்டுகளை எண்ணி, முடிவையும் அறிவிப்பார்.

அப்போது வாசகர்களின் செல்லப்பிள்ளை யார் தெரியுமா? லவ்கிராஃப்ட் இல்லை. சீபரி க்வின் என்பவர். சவப்பெட்டித் தொழில் நடத்துபவர்களுக்கான வணிகப் பத்திரிகையில் ஆசிரியராக இருந்தவர். திகில் கதை எழுத இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா என்ன! ஜூல்ஸ் டி கிராண்டின் என்ற பிரெஞ்சு மாந்திரீகத் துப்பறிவாளரை வைத்து அவர் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கதைகள் எழுதினார். இன்றைக்கு ரசிகர்கள் போடும் பட்டியல்களில் அவர் பெயர் அபூர்வமாகத்தான் வருகிறது. இதழ் வந்த மாதத்தில் விழும் ஓட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதற்கு க்வின் ஒரு சாட்சி. லவ்கிராஃப்டின் புகழ்பெற்ற 'தி கால் ஆஃப் கதுல்ஹு'வை ரைட் முதலில் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு மனம் மாறி 1928 பிப்ரவரி இதழில் போட்டார். 'அட் தி மவுன்டன்ஸ் ஆஃப் மேட்னெஸ்' திரும்பி வந்தது, வந்ததுதான். ஐந்து வருடம் கழித்து வேறொரு பத்திரிகையில், வெட்டிக் குதறப்பட்டு வெளியானது.

ஒரு ரசிகரின் பட்டியல்

ஹெச்.பி.லவ்கிராஃப்டை உலகம் எழுத்தாளராகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் இந்தத் துறையில் அவர் விட்டுப்போன பெரிய சொத்துகளில் ஒன்று, அவர் ரசிகராக எழுதிய ஒரு கட்டுரை. 1927-ல் நண்பர் டபிள்யூ.பால் குக் சொந்தமாக அச்சடித்த 'தி ரெக்லூஸ்' என்ற அமெச்சூர் இதழில் அது வந்தது. திகில் இலக்கியத்தின் முழு வரலாற்றையும் ஓட்டிப் பார்த்து, தனக்குப் பிடித்த கதைகளை ஒன்றொன்றாக எடுத்துச் சொல்லும் நீண்ட கட்டுரை. ஆர்தர் மாக்கன், பிளாக்வுட், லார்ட் டன்சனி, எம்.ஆர்.ஜேம்ஸ் ஆகிய நால்வரையும் தற்கால ஆசான்களாகத் தூக்கிப் பிடித்தது அந்தக் கட்டுரைதான். 'தி வில்லோஸ்' இன்றும் பட்டியல்களின் உச்சியில் நிற்பதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

கட்டுரையைத் திருத்தி, 1933 முதல் 'தி ஃபேன்டஸி ஃபேன்' என்ற சிற்றிதழில் தொடராகப் போட்டார்கள். அதன் ஆசிரியர் சார்லஸ் ஹார்னிக், இதழைத் தொடங்கும்போது 17 வயதுப் பையன். கட்டுரை பாதியில் இருக்கும்போதே இதழ் நின்றுபோனது.

அந்தக் காலகட்டத்தில்தான் ஹெச்.சி.கோனிக் வருகிறார். நியூயார்க்காரர், எழுத்தாளர் அல்ல, புத்தகம் சேகரிக்கும் ரசிகர். அவரிடம் வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சனின் புத்தகங்கள் இருந்தன. ஹாட்ஜ்சன் இங்கிலாந்துக்காரர், இளமையில் கப்பலில் வேலை பார்த்தவர், முதல் உலகப் போரில் 1918 ஏப்ரலில் பீரங்கிக் குண்டுக்குப் பலியானவர். வயது 40. அதற்குப் பிறகு ஆளையே உலகம் மறந்துவிட்டது. கோனிக் தன் பிரதிகளைத் தபாலில் லவ்கிராஃப்ட் வட்டத்துக்குள் சுற்றுக்கு விட்டார். ஒருவர் படித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். 1934-ல் அதைப் படித்த லவ்கிராஃப்ட் அசந்துபோய், தன் கட்டுரையில் ஹாட்ஜ்சனுக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்தார். 1946-ல் ஹாட்ஜ்சனின் நாவல்கள் மறுபடி புத்தகமாகின. ஒரு ரசிகர் தன் அலமாரியைப் பூட்டி வைத்திருந்தால் இதெல்லாம் எத்தனை வருடம் தள்ளிப் போயிருக்கும், நடந்திருக்குமா என்றே தெரியாது.

ஹாட்ஜ்சனின் 'தி வாய்ஸ் இன் தி நைட்' அதே 1907-ல் வந்த சிறுகதை. வடக்குப் பசிபிக் கடலில், காற்றே இல்லாத ஓர் இருட்டில் கப்பல் ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல், சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று கெஞ்சுகிறது. மேலே வாருங்கள் என்றால் வர மறுக்கிறது. விளக்கைக் காட்டினால் பதறி விலகிப் போகிறது. கடைசியில் உணவை ஒரு பெட்டியில் வைத்துத் தண்ணீரில் மிதக்க விடுகிறார்கள். சிறிது நேரம் கழித்து அந்தக் குரல் நன்றி சொல்லத் திரும்பி வந்து, தன் கதையைச் சொல்கிறது. தானும் தன் வருங்கால மனைவியும் கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கிய கதை. அங்கே எல்லாவற்றின் மேலும் படர்ந்திருந்த சாம்பல் நிறப் பூஞ்சையின் கதை. முடிவை இங்கே உடைப்பது பாவம். திகிலைவிட அந்த இருவர் மேல் வரும் பரிதாபம்தான் மனதில் தங்குகிறது. 1963-ல் வந்த 'மாதாங்கோ' என்ற ஜப்பானியப் படத்துக்கு இதுதான் மூலம்.

செத்த பிறகு பிறந்த எழுத்தாளர்

லவ்கிராஃப்ட் 1937 மார்ச் 15 அன்று குடல் புற்றுநோயால், 46 வயதில், சொந்த ஊரான பிராவிடன்ஸில் இறந்தார். கையில் காசில்லை. 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' கதைக்கு 1927-ல் அவருக்குக் கிடைத்தது 25 டாலர். வார்த்தைக்குக் கால் சென்ட்கூடத் தேறாது. ஆனால் வாழ்நாளில் பல பத்தாயிரம் கடிதங்கள் எழுதியிருப்பார் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். எதிர்முனையில் இருந்தவர்களில் நிறைய பேர் இளைஞர்கள். அவர்களில் டொனால்ட் வாண்ட்ரே 1927-ல் மினசோட்டாவிலிருந்து வழியில் போகிற வண்டிகளில் கைகாட்டி ஏறி ஏறி, அவரைப் பார்க்க பிராவிடன்ஸ் வரை வந்தவர்.

இதே வாண்ட்ரேயும் விஸ்கான்சின் மாநிலத்தின் சாக் சிட்டியில் இருந்த ஆகஸ்ட் டெர்லத்தும்தான் கதைகளைத் தொகுத்துப் பெரிய பதிப்பாளர்களிடம் கொண்டு போனார்கள். யாரும் சீந்தவில்லை. சரி, நாமே போட்டுவிடலாம் என்று 1939-ல் 'ஆர்க்கம் ஹவுஸ்' என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். டெர்லத் வீடு கட்ட வாங்கிய வங்கிக் கடனும் இதில் போனது. முதல் புத்தகம் 'தி அவுட்சைடர் அண்ட் அதர்ஸ்', 1,268 பிரதிகள், விலை 5 டாலர். அது விற்றுத் தீர ஏறக்குறைய நான்கு வருடம் ஆனது. இன்று ஒரு பிரதி ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது.

டெர்லத்துக்கு நன்றி சொல்கிற ரசிகர்களே அவரைத் திட்டவும் செய்கிறார்கள். லவ்கிராஃப்டின் குறிப்புகளை வைத்துத் தானே கதைகள் எழுதி, இருவரும் சேர்ந்து எழுதியது மாதிரி வெளியிட்டார். காரணமே இல்லாத பயங்கரத்துக்குள் நன்மைக்கும் தீமைக்கும் சண்டை என்ற பழைய சட்டகத்தைக் கொண்டுவந்து மாட்டினார். அந்தக் கோபம் நியாயம்தான். என்றாலும் அவர் அந்தக் கடனைப் போடாமல் வீட்டைக் கட்டிக் குடியேறியிருந்தால் திட்டுவதற்கும் ஒன்றும் இருந்திருக்காது.

இன்னொரு பெயர் அதிகம் பேசப்படுவதில்லை. ராபர்ட் பார்லோ. லவ்கிராஃப்டுக்கு முதன்முதலில் கடிதம் எழுதியபோது 13 வயது. 1935-ல் ஃபுளோரிடாவில் தன் வீட்டுக்கு வந்திருந்த லவ்கிராஃப்டுக்குத் தெரியாமலேயே, அவருடைய கிறுக்கலான கையெழுத்தில் இருந்த 'தி ஷேடோ அவுட் ஆஃப் டைம்' கதையை உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்தவர். தட்டச்சு என்றாலே லவ்கிராஃப்டுக்கு வெறுப்பு. அந்தக் கதை நோட்டிலேயே கிடந்திருக்க நிறைய வாய்ப்பு இருந்தது. தன் எழுத்துகளுக்குப் பொறுப்பாளராக லவ்கிராஃப்ட் குறிப்பிட்டது 18 வயது பார்லோவைத்தான். டெர்லத், வாண்ட்ரே தரப்பு அவரை ஓரங்கட்டியது. பார்லோ கையெழுத்துப் பிரதிகளை பிரௌன் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாகச் சேர்த்துவிட்டு மெக்சிகோ போய், நாவாட்டில் மொழி அறிஞரானார். 1951-ல், 32 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அவரிடம் தங்கிவிட்ட அந்த நோட்டு 1990-களின் நடுவில் ஹவாயில் கிடைத்தது.

பார்லோ சேர்த்துவைத்த அந்தத் தாள்களைத் தேடி அதே பிரௌன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர்தான் எஸ்.டி.ஜோஷி. 1958-ல் புனேயில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா போனவர். அச்சான கதைகளைக் கையெழுத்துப் பிரதிகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, பல்லாயிரம் பிழைகளைத் திருத்தி 1980-களில் புதிய பதிப்புகளைக் கொண்டுவந்தார். இன்று உலகம் படிக்கும் லவ்கிராஃப்ட், பெருமளவுக்கு ஜோஷி திருத்திய லவ்கிராஃப்ட்.

இந்தப் பழக்கம் அமெரிக்காவோடு நிற்கவில்லை. பியூனஸ் ஐரிஸில் போர்ஹெஸ், பியோய் காசாரெஸ், சில்வினா ஒகாம்போ என மூன்று நண்பர்கள் 1937-ல் ஓர் இரவு தங்களுக்குப் பிடித்த அதிசயக் கதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததிலிருந்து ஒரு தொகுப்பு உருவானது. 1940-ல் ஸ்பானிஷில் வந்த அந்தத் தொகுப்பில் 'குரங்குப் பாதம்' இடம்பிடித்தது.

பட்டியலில் விட்டுப்போனவர்கள்

'குரங்குப் பாதம்' 1902-ல் வந்த கதை. மூன்று வரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. இந்தியாவிலிருந்து திரும்பிய சிப்பாய் கொண்டுவந்த காய்ந்த குரங்குப் பாதம். அதில் மந்திரம் போட்டவர் ஒரு வயதான இந்தியப் பக்கிரி. 200 பவுண்டு வேண்டும் என்று விளையாட்டாகக் கேட்கிறார் அப்பா. பணம் வருகிறது, ஆலை இயந்திரத்தில் மகன் சிக்கிச் செத்ததற்கான தொகையாக. ராத்திரி கதவு தட்டப்படும் அந்தக் கடைசிக் காட்சிக்கு இன்றும் ஈடு இல்லை. ஆனால் பயங்கரம் எங்கிருந்து வர வேண்டும் என்று அன்றைய ஆங்கில எழுத்தாளர்கள் முடிவு செய்து வைத்திருந்தார்கள் என்பதும் இதில் தெரிகிறது. கிழக்கிலிருந்து, நம் பக்கமிருந்து.

லவ்கிராஃப்டிடம் இது இன்னும் மோசம். அவருடைய இனவெறி ஒளிவுமறைவானது அல்ல. கடிதங்களிலும் உண்டு, 'தி ஹாரர் அட் ரெட் ஹூக்' போன்ற கதைகளிலும் உண்டு. உலக ஃபேன்டஸி விருது என்றாலே 1975 முதல் அவருடைய தலை உருவச் சிலைதான். 2011-ல் அந்த விருதை வென்ற நைஜீரிய அமெரிக்க எழுத்தாளர் என்னெடி ஓகோராஃபோர், இந்தத் தலையை வீட்டில் வைத்திருப்பதன் சங்கடத்தை வெளிப்படையாக எழுதினார். 2015-ல் சிலையை மாற்றுவதாக அறிவித்தார்கள். ஜோஷி கோபப்பட்டுத் தன் விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருடம் கறுப்பின எழுத்தாளர் விக்டர் லவால், 'ரெட் ஹூக்' கதையையே ஒரு கறுப்பின இளைஞனின் கண் வழியாகத் திருப்பி எழுதி, அந்தப் புத்தகத்தை லவ்கிராஃப்டுக்கே சமர்ப்பித்தார், முரண்பட்ட உணர்வுகளோடு என்று குறிப்பிட்டு. சிலை இருக்கலாமா கூடாதா என்ற சண்டையில் இரண்டு பக்கமும் பேசியதைவிட இந்த ஒரு புத்தகம் அதிகம் பேசிவிட்டது.

பெண்கள் விஷயத்தில் பட்டியல் இன்னும் கஞ்சம். சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'தி யெல்லோ வால்பேப்பர்' 1892-ல் வந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு மருந்து என்று சொல்லி, எழுதக்கூட விடாமல் ஓர் அறையில் 'ஓய்வு' கொடுக்கப்படும் பெண், சுவரில் ஒட்டிய மஞ்சள் தாளுக்குப் பின்னால் இன்னொரு பெண் ஊர்ந்து போவதைப் பார்க்கிறாள். லவ்கிராஃப்டின் கட்டுரையும் இதைக் குறிப்பிடுகிறது, ஒரு நல்ல திகில் கதையாக. 1973-ல் ஒரு பெண்ணியப் பதிப்பகம் தனி நூலாகப் போட்ட பிறகுதான், அந்த அறைக்குள் அவளை அடைத்தது கணவனும் மருத்துவமும் என்பதைப் பரவலாகப் பேச ஆரம்பித்தார்கள்.

2011-ல் ஆன், ஜெஃப் வாண்டர்மீர் தம்பதி 'தி வியர்டு' என்ற தலைகாணி அளவுத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். 110 கதைகள். ஜப்பானின் அகுதாகவா, போலந்தின் ஸ்டெஃபான் கிராபின்ஸ்கி என்று பழைய பட்டியல் கண்டுகொள்ளாத பலர் அதில் வந்தார்கள். தாகூரும் இருக்கிறார், 'பசித்த கற்கள்' கதையோடு. ஆள் இல்லாத ஒரு பழைய அரண்மனையில் தங்கும் பருத்தி வரி அதிகாரியை, பகலில் கணக்குப் புத்தகமும் இரவில் அரண்மனையும் மாறி மாறி இழுக்கும் கதை அது. இளம் வயதில் தாகூர் தங்கியிருந்த அகமதாபாத் ஷாஹிபாக் அரண்மனை அதற்குப் பின்னால் இருக்கிறது.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

இங்கே சொன்ன பழைய கதைகளில் பெரும்பாலானவை காப்புரிமை முடிந்தவை. புராஜெக்ட் குட்டன்பர்க் போன்ற தளங்களில் இலவசமாகவே கிடைக்கும். ஒரே மூச்சில் படிக்க 'குரங்குப் பாதம்', 'தி வாய்ஸ் இன் தி நைட்' இரண்டும் வசதி. 'தி வில்லோஸ்' நீளம். முதல் பகுதி முழுக்க ஆறும் காற்றும்தான், அலுத்துத் தாண்டிவிட்டால் பின்னால் வரும் பயம் பாதியாகக் குறைந்துவிடும். ஜேம்ஸ் தன் கதைகளில் பலவற்றை கேம்பிரிட்ஜில் கிறிஸ்துமஸ் இரவுகளில் நண்பர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டியவர். அவற்றை யாராவது வாசிக்க நீங்கள் கேட்பது நல்லது.

லவ்கிராஃப்ட் பக்கம் போகிறவர்கள் கதுல்ஹுவில் தொடங்க வேண்டியதில்லை. அவருக்கே பிடித்த 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' இருக்கிறது. ஒரு விவசாயியின் கிணற்றடியில் விண்கல் விழுகிறது. அந்த வருடம் பழங்கள் என்றும் இல்லாத அளவுக்குப் பெருத்துக் காய்க்கின்றன. வாயில் வைத்தால் கசப்பு. பிறகு மரம், மாடு, குடும்பம் என்று ஒவ்வொன்றாக. கதையைச் சொல்பவர் அந்த இடத்தை அளக்க வந்த சர்வேயர். நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் நீர்த்தேக்கம் ஒன்று அங்கேதான் வரப்போகிறது.